தொப்பிக்கு வேலை தெரியாது

அண்ணாமலை நகர்,
9.3.2025

அன்புள்ள இசை அக்காவுக்கு,

இலக்கியா எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சௌக்கியம். அப்பாவுக்கு முழங்கால் வலி மட்டும் வருகிறது, போகிறது. நீயும் தட்சிணாமூர்த்தி மாமாவும் எப்படி இருக்கிறீர்கள்?

உன் போன் இரண்டு வாரமாக அணைந்தே கிடக்கிறது. மாமாவுக்குப் போட்டால், "உங்க அக்காவுக்குத் தலைவலி ஜாஸ்தியா இருக்குதும்மா. போன் வெளிச்சமே ஆவாதுன்னுட்டாரு டாக்டரு. எதுனா சொல்லணும்னா லெட்டர் போடு, படிக்கும்" என்றார். சிதம்பரத்துக்கும் கடலூருக்கும் நடுவில் கடிதமா என்று சிரித்துவிட்டேன். மாமா சிரிக்கவில்லை. அதனால் தபால் நிலையத்துக்குப் போய் உறையும் தபால்தலையும் வாங்கினேன். கவுண்டரில் இருந்தவர், "கோர்ட்டுக்காம்மா?" என்று கேட்டார்.

விஷயத்துக்கு வருகிறேன். 'ஏழு கலங்கரை' நினைவிருக்கிறதா? 2004 கோடை விடுமுறையில், எங்கள் குவார்ட்டர்ஸ் வீட்டில், நீயும் நானும் ஆடித் தீர்த்த கம்ப்யூட்டர் விளையாட்டு. அதை இப்போது புதுப்பித்து மறுபடி வெளியிட்டிருக்கிறார்கள். பேசுகிற பேச்செல்லாம் கீழே எழுத்தாக ஓடுகிறது. எங்கள் நூலகத்துக்கு வரும் மாணவர்கள் சிலர் விளையாட்டுக் கதைகளைப் பற்றி ஓர் இணைய இதழ் நடத்துகிறார்கள். நான் இதைச் சின்ன வயதிலேயே ஆடியவள் என்று தெரிந்ததும், "மேடம், அதுல வர்ற வில்லன்களைப் பத்தி ஒரு கட்டுரை" என்று பிடித்துக்கொண்டார்கள். ஜூன் முதல் வாரம் கொடுக்க வேண்டும்.

வேலையும் தெரியாது, பதவியையும் விடமாட்டேன் என்கிற வில்லன்கள். அதுதான் பொருள். தொப்பியும் மீசையும் அப்படித்தானே? (பெயர் வைத்தவள் நீ. அவர்களுடைய உண்மைப் பெயர் எனக்கு இப்போதுதான் தெரிந்தது. சொன்னால் ருசி போய்விடும்.) பழைய ஆளுநர் செத்ததும் தொப்பி அந்த நாற்காலியில் ஏறுகிறான். தீவைச் சுற்றியுள்ள ஏழு கலங்கரை விளக்கங்களின் சாவிகளையும் காவலர்களிடமிருந்து பிடுங்கித் தன் இடுப்பில் மாட்டிக்கொள்கிறான். புயல் வருகிறது. எந்தச் சாவி எந்தக் கதவுக்கு என்று அவனுக்குத் தெரியவில்லை. ஒரு விளக்கும் எரியாமல் கப்பல்கள் பாறையில் மோதுகின்றன.

இவ்வளவும் ஞாபகம் இருக்கிறது. ஆனால் அந்தப் புயல் காட்சியில் தொப்பி என்ன சொல்வான்? இங்கிலீஷ் எனக்குப் புரியாது என்று நீதானே தமிழில் சொல்வாய். யோசித்தால் உன் குரல் மட்டும் கேட்கிறது, வார்த்தை வரவில்லை. எழுதி அனுப்பு. பிரின்சிபால் மேடத்துக்கு நேரம் இருந்தால்!

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை,
இலக்கியா

*

மஞ்சக்குப்பம், கடலூர்,
16.3.2025

அன்புத் தங்கை இலக்கியாவுக்கு,

அக்காவின் ஆசிகள். உன் கடிதம் கிடைத்தது. கவரில் கையால் எழுதிய என் பெயரைப் பார்த்து எத்தனை வருடமாயிற்று. எனக்குத் தலைவலி பரவாயில்லை. மாமா நலம். சித்தப்பாவைத் தைலம் தேய்த்துக்கொண்டு கொஞ்சம் நடக்கச் சொல். சித்தியை நான் கேட்டதாகச் சொல்.

குவார்ட்டர்ஸ் வீட்டு முன்னறை அப்படியே கண்ணில் நிற்கிறது. சித்தப்பா அந்தக் கம்ப்யூட்டருக்குப் பூப்போட்ட உறை தைத்துப் போட்டிருந்தார். கைகழுவிவிட்டு வந்தால்தான் உறையை எடுப்பார். மார்க்கர் பேனாவால் பெயர் எழுதிய அந்த சி.டி.யை பக்கத்து லாட்ஜில் தங்கியிருந்த ஒரு எம்.ஈ. மாணவர் ஊருக்குப் போகும்போது உனக்குக் கொடுத்துவிட்டுப் போனது. ஒரே நாற்காலியில் நாம் இரண்டு பேர். கரண்ட் போனதும் யு.பி.எஸ். கீகீயென்று கத்தும். "சேவ் பண்ணுக்கா, சேவ் பண்ணுக்கா" என்று நீ அழுவதுபோல் கத்துவாய். சித்தி மாங்காய்ப் பத்தையில் மிளகாய்த்தூள் போட்டுக் கொண்டுவந்து வைப்பார். அதைத் தொட்ட கையால் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஒரு நாள் நீ துள்ளிய துள்ளல் மறக்குமா?

நீ கேட்ட வசனம் இதுதான். தொப்பி இடுப்பில் கைவைத்துக்கொண்டு சொல்வான்: "ஏழு சாவியும் என்னோடதுடா! நான் சொன்னாத்தான் வெளிச்சம், நான் சொன்னாத்தான் இருட்டு!" சொல்லிவிட்டுச் சிரிப்பான். நீ பயந்து என் துப்பட்டாவைப் பிடித்துக்கொள்வாய்.

உண்மையைச் சொன்னால் அந்த இங்கிலீஷ் எனக்கும் முழுதாகப் புரியவில்லை. பிளஸ் ஒன் முடித்த பெண், பதினொரு வயதுத் தங்கையிடம் தெரியாது என்று எப்படிச் சொல்வது?

கொஞ்ச நாள் லீவில் இருக்கிறேன். பள்ளிக்கூடத்தைப் பற்றி மட்டும் எதுவும் கேட்காதே. வேறு என்ன வேண்டுமானாலும் எழுது.

அன்புடன்,
இசைவாணி

*

அண்ணாமலை நகர்,
21.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் நலமறிய ஆவல். கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மாங்காய்ப் பத்தை வந்த இடத்தில் அம்மா எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டது. இந்த வருடம் கோடைக்கு நீ வந்தே தீர வேண்டுமாம்.

தினமும் ஒரு மணி நேரம் ஆடுகிறேன். அக்கா, இப்போது பெரியவளாகப் பார்த்தால் தொப்பி எவ்வளவு மடையன் என்று தெரிகிறது! கேட்டுக்கொள். நாற்காலியில் ஏறியதும் அவன் செய்யும் முதல் வேலை என்ன? முதல் கலங்கரையைக் காக்கிற கிழவியை வெளியே அனுப்புவது. ஏழு விளக்கும் எப்படி வேலை செய்கிறது என்று தீவிலேயே அவளுக்கு மட்டும்தான் முழுக்கத் தெரியும். அவளை வைத்துக்கொண்டிருந்தால் தொப்பி சாகும்வரை நிம்மதியாக ஆண்டிருக்கலாம். நுனிமரத்தில் உட்கார்ந்துகொண்டு அடிமரத்தை வெட்டுகிறான். அடுத்து, விளக்குக்கு எண்ணெய் ஊற்றக்கூட அவன் முத்திரை வேண்டும் என்று உத்தரவு போடுகிறான். காவலர்கள் குடத்தோடு அரண்மனை வாசலில் வரிசையில் நிற்கிறார்கள். ஒரு விளக்கை ஏற்றக்கூடத் தெரியாதவனுக்கு இவ்வளவு மிடுக்கு!

மீசை அதைவிட மோசம். தளபதி என்று பெயர், ஒரு சண்டையும் ஜெயித்ததில்லை. ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு சிப்பாயைக் காட்டிக்கொடுத்துவிட்டு அடுத்த பதக்கத்தைக் குத்திக்கொள்கிறான். கட்டுரையில் நான் எழுதப்போவது இதுதான்: கெட்டிக்கார வில்லனைக்கூட மன்னித்துவிடலாம், அவனிடம் ஒரு திறமையாவது இருக்கிறது. வேலை தெரியாதவன் கையில் அதிகாரம் போனால் ஊர் மொத்தமும் அவன் பயத்துக்குப் பலி. அவனை அந்தக் கப்பல்களோடு சேர்த்து மூழ்கடித்தால் என்ன?

நீ பிரின்சிபாலாயிற்றே. இப்படி ஓர் ஆள் உன் ஸ்டாஃப் ரூமில் இருந்தால் என்ன செய்வாய்? இது பள்ளிக்கூடக் கேள்வி இல்லை, தொப்பி பற்றிய கேள்வி. பதில் எழுது.

உன்,
இலக்கியா

*

அண்ணாமலை நகர்,
20.4.2025

அன்புள்ள அக்கா,

ஒரு மாதமாகிறது. என் கடிதம் வந்து சேர்ந்ததா இல்லையா? உடம்புக்கு என்ன? மாமா போனை எடுத்து, "நல்லா இருக்குதும்மா" என்று சொல்லி வைத்துவிடுகிறார். சித்திரை ஒன்றுக்குக் குறிஞ்சிப்பாடியில் பெரியம்மா வீட்டில் எல்லோரும் கூடினோம். மாமா மட்டும் வந்து, இலையில் பாதியை வைத்துவிட்டு எழுந்து பஸ் ஏறிவிட்டார். பெரியம்மா எல்லோரிடமும், "இசைக்குப் பரீட்சை வேல ஜாஸ்தி" என்று சொல்லிக்கொண்டிருந்தது. சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா? ஒரு வரி போடு. இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை நானே கிளம்பி வருகிறேன்.

இலக்கியா

*

மஞ்சக்குப்பம்,
25.4.2025

அன்புள்ள இலக்கியாவுக்கு,

நலமாக இருக்கிறேன். வராதே. வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள், சாமான் எல்லாம் கூடத்தில் கிடக்கிறது. சித்தப்பா கால் எப்படி?

நீ ஒன்றும் தப்பாக எழுதவில்லை. ஆனால் கட்டுரையில் ஓர் இடம் சரியில்லை, அதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

கிழவியை அனுப்பியது மடத்தனம் என்று எழுதியிருந்தாய். இல்லை. தினமும் காலையில் அவள் கண்ணெதிரே வந்து நின்றால், தனக்கு ஒன்றும் தெரியாது என்பது அவனுக்கு ஞாபகம் வரும். அவள் ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டியதில்லை. சும்மா நின்றாலே போதும். முத்திரை விஷயமும் அப்படித்தான். வேலை தெரியாதவனுக்குக் கையெழுத்துப் போடுவது ஒன்றுதான் தெரிந்த வேலை. நாள் முழுக்க அதையே செய்தால் வேலை செய்த மாதிரி இருக்கும்.

அவனை யாரோ கூப்பிட்டு அந்தத் தொப்பியைத் தலையில் வைத்தார்கள். அளவு சரியில்லை என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. அவ்வளவுதான். அதனால் அவன் நல்லவன் என்று சொல்லவில்லை. மடையன் என்று சிரித்துவிட்டுப் போகாதே என்கிறேன்.

ஒரு சந்தேகம். நாம் ஆடியபோது கவனிக்கவில்லை. வெளியே அனுப்பிய பிறகு அந்தக் கிழவி எங்கே போகிறாள்? தொப்பி எப்போதாவது அவளைத் தேடிப் போகிறானா? பார்த்துச் சொல்.

அக்கா

*

அண்ணாமலை நகர்,
3.5.2025

அன்புள்ள அக்காவுக்கு,

அனைவரும் நலம். அப்பா ரயில்வே கேட் வரை நடந்துவிட்டு வருகிறார்.

புதன்கிழமை மாமா நூலகத்துக்கு வந்திருந்தார், பண்ருட்டிப் பலாப்பழம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தோம். பெயிண்ட் வேலை முடிந்ததா என்று கேட்டேன். "என்னா பெயிண்ட்டு?" என்றார். அப்புறம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நீ எழுதறத நிறுத்திடாதம்மா. அது ஒண்ணத்தான் திருப்பித் திருப்பிப் படிக்குது. மத்தத உங்க அக்காவே சொல்லும். நான் சொல்லக் கூடாது" என்றார். நான் துருவவில்லை. பலாப்பழம் தேனாக இருந்தது.

புயல் காட்சிக்கு வந்துவிட்டேன். அக்கா, தொப்பி அங்கே சிரிக்கவே இல்லை. படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறான். தலையில் இருந்த தொப்பி கழன்று பக்கத்தில் கிடக்கிறது. நாம் ஆட்டுவிக்கிற கதாநாயகி வந்து சாவியைக் கேட்கிறாள். கீழே ஓடிய எழுத்தை மூன்று முறை நிறுத்திப் படித்தேன். தமிழில் சொன்னால் இப்படி வரும்: "எது எதுக்குன்னு எனக்குத் தெரியாது. வந்த அன்னிக்கே கேட்டிருக்கணும். அன்னிக்கு வெக்கமா இருந்துச்சு. அப்புறம் கேக்கவே முடியாத அளவுக்கு நாளாயிடுச்சு."

இருபத்தொரு வருடமாக நான் நினைத்துக்கொண்டிருந்த தொப்பி உன்னுடைய தொப்பி. உண்மையானவன் வேறு ஆள்.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது, கோபிக்காதே. அந்தக் கோடை முழுக்க மவுஸ் ஒரு நாளும் என் கைக்கு வரவில்லை. "நீ பாத்துக்கிட்டு இரு, நான் ஆடறேன்" என்பாய். மூன்றாவது கலங்கரையின் படிகளில் எத்தனை முறை விழுந்தோம்! ஒவ்வொரு முறையும் "மவுஸ் சரியில்ல" என்பாய். இப்போது நானே ஆடிப் பார்க்கிறேன். அந்தப் படி சுலபம் அக்கா. உனக்கு ஆடத் தெரியவில்லை, அவ்வளவுதான். அதற்காக அந்த நாற்காலியின் பாதியை யாருக்கும் விட்டுத்தர மாட்டேன். உன் தோளில் சாய்ந்துகொண்டு பார்த்ததுதான் எனக்கு விளையாட்டு.

நீ கூப்பிடாமல் நான் வரமாட்டேன். ஆனால் எழுதிக்கொண்டே இருப்பேன்.

உன்,
இலக்கியா

*

மஞ்சக்குப்பம்,
11.5.2025

அன்புள்ள இலக்கியாவுக்கு,

நலம் விசாரிப்பை இந்த ஒரு கடிதத்தில் விட்டுவிடுகிறேன்.

போன ஜூனில் என்னைப் பிரின்சிபால் ஆக்கினார்கள். எங்கள் பள்ளியில் லோகநாயகி டீச்சர் என்று ஒருவர். கணக்கு டீச்சர், பதினெட்டு வருட சர்வீஸ், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பழைய பிரின்சிபாலுக்கு எல்லாமே அவர்தான். வரவேண்டியது அவருக்கு. "இங்கிலீஷ்ல பேச ஆள் வேணும்மா" என்று தாளாளர் என்னைக் கூப்பிட்டார். நான் மறுக்கவில்லை. எனக்கு ஆசையாக இருந்தது.

முதல் நாள் டீச்சர் அறைக்கு வந்து, "மேடம், ஆபீஸ் வேல கொஞ்சம் சிக்கலா இருக்கும். நான் கூடவே இருந்து பாத்துருக்கேன். எதுனா சந்தேகம்னா கூப்புடுங்க" என்றார். "எனக்குத் தெரியும் டீச்சர், நீங்க போங்க" என்றேன். ஒன்றும் தெரியாது இலக்கியா. பாடம் நடத்தத் தெரியும். அது மட்டும்தான் தெரியும்.

அதற்குப் பிறகு ஸ்டாஃப் ரூமில் யார் எது கேட்டாலும் அவரிடமே போனார்கள். நான் ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். பத்தாம் வகுப்பை அவரிடமிருந்து எடுத்து, அவரை ஆறாம் வகுப்புக்கு மாற்றினேன். சாக்பீஸ் பெட்டிக்குக்கூட என் கையெழுத்து வேண்டும் என்றேன். பிளஸ் டூ பரீட்சை எழுதும் பிள்ளைகளின் பெயர், பாடப் பட்டியலைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலையை அதுவரை அவர் செய்துகொண்டிருந்தார். அந்த பாஸ்வேர்டை மாற்றி நானே வைத்துக்கொண்டேன். நானே ஏற்றினேன். இரண்டு முறை சரிபார்க்க வேண்டும் என்பதுகூட எனக்குத் தெரியாது.

பிப்ரவரியில் ஹால் டிக்கெட் வந்தது. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்த பதினொரு பிள்ளைகளுக்கு பயாலஜி என்று அச்சாகியிருந்தது. ஒரு பையன் என் அறை வாசலில் நின்று அழுதான். எங்கே போய்க் கேட்பது என்றுகூட எனக்குத் தெரியாது. யாரும் சொல்லாமலே லோகநாயகி டீச்சர் அந்தப் பதினொரு தாளையும் எடுத்துக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக நான்கு நாள் அலைந்தார். சரிசெய்துகொண்டும் வந்துவிட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை தாளாளர் கேட்டார், "யாரும்மா ஏத்துனது?" நான் சொன்னேன், "லோகநாயகி டீச்சர்தான் சார். அவுங்கதான் எப்பவும் ஏத்துவாங்க."

அன்று சாயந்திரமே டீச்சரிடமிருந்து எனக்கு ஒரு மெசேஜ் வந்தது. "பதினொண்ணும் சரியாயிடுச்சு மேடம். இனிமே கவலப்படாம தூங்குங்க." அவருக்கு அப்போது எதுவும் தெரியாது. திங்கட்கிழமை காலையில் அவர் கையில் மெமோ கொடுத்து, விசாரணை முடியும்வரை வரவேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். அந்தப் போனை அன்றைக்கு அணைத்து அலமாரியில் வைத்தேன். தலைவலி இல்லை. டாக்டரும் இல்லை.

நான் ஸ்டாஃப் ரூமுக்குள் போனபோது எல்லோரும் எழுந்து நின்று, "குட்மார்னிங் மேடம்" என்றார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. மூன்று நாள் தாக்குப்பிடித்தேன். அப்புறம் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மே மாதக் கடைசியில் விசாரணை. நான் வாயைத் திறக்காவிட்டால் அவருக்கு வேலை போகும். மாமாவிடம் ஏப்ரலில் சொன்னேன். அவர் ஒன்றும் திட்டவில்லை.

இப்போது உனக்குத் தெரியும். என்ன நினைக்கிறாய் என்று எழுது. எழுதாவிட்டாலும் சரி.

இசைவாணி

*

அண்ணாமலை நகர்,
14.5.2025

அக்கா,

இரண்டு முறை படித்தேன். முதல் முறை படித்தபோது உன் மேல் அவ்வளவு கோபம். அதை மறைக்க மாட்டேன். மறைத்தால் நீ கண்டுபிடித்துவிடுவாய். அம்மாவிடம் காட்டவில்லை.

இரண்டாம் முறை படித்தபோது, மூன்றாவது கலங்கரையின் படியில் விழுந்து விழுந்து எழுந்த பதினாறு வயது அக்கா ஞாபகத்துக்கு வந்தாள். அவள் ஒரு முறை, "இது எப்படின்னு எனக்குத் தெரியல இலக்கி, நீ ட்ரை பண்றியா?" என்று கேட்டிருந்தால் நான் என்ன சிரித்திருப்பேனா? சந்தோஷத்தில் குதித்திருப்பேன்.

கிழவியைப் பற்றிக் கேட்டிருந்தாய், பார்த்தேன். தீவின் மறுபக்கத்தில் ஒரு குடிசையில் வலை பின்னிக்கொண்டிருக்கிறாள். தொப்பி அவளிடம் போகவே இல்லை. புயலில் கோபுரத்திலிருந்து விழுந்து செத்துவிடுகிறான். எழுதியவர்கள் அவனுக்கு அந்த ஒரு முடிவுதான் வைத்திருக்கிறார்கள். நான் எப்படி ஆடிப் பார்த்தாலும் அவனை அந்தக் குடிசைக்குக் கூட்டிப்போக முடியவில்லை.

அவனுக்கு முடியாது அக்கா. நீ போகலாம்.

கூட நான் வரட்டுமா?

இலக்கியா

*

மஞ்சக்குப்பம்,
29.5.2025

அன்புள்ள இலக்கியாவுக்கு,

நானும் மாமாவும் சௌக்கியம். இந்த முறை நிஜமாகவே எழுதுகிறேன், சௌக்கியம்தான்.

நீ வரவேண்டாம் என்று பதில்கூடப் போடாமல் தனியாகவே போனேன். தாளாளருக்கு நடந்தது முழுவதையும் எழுதி, அதைக் கொடுப்பதற்கு முன் லோகநாயகி டீச்சரிடம் காட்ட வேண்டும் என்று திருப்பாப்புலியூரில் இருக்கும் அவர் வீட்டுக்கு எடுத்துப்போனேன். அவர் மகள் சத்யப்பிரியா கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்ததும், "அம்மா, பிரின்சிபால் மேடம் வந்துருக்காங்க" என்றாள். அந்த 'மேடத்'தை அவள் சொன்ன விதத்தை எழுத முடியாது.

டீச்சர் புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். "உள்ள வாங்க" என்று சொல்லிவிட்டு அந்த ஒரு புடவையை முடித்து மடித்து வைத்தார். நான் நின்றபடியே சொன்னேன். பாஸ்வேர்டு, பட்டியல், தாளாளரிடம் சொன்ன வார்த்தை, எல்லாம்.

"தெரிஞ்சேதான் என் பேர சொன்னீங்களா, இல்ல பயத்துல வாயில வந்துடுச்சா?"

"பயம்தான் டீச்சர். ஆனா தெரிஞ்சேதான் சொன்னேன்."

இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு, "மூணு மாசமா பால்காரரு கேக்கறாரு, டீச்சரு லீவான்னு. நான் என்னான்னு சொல்றது? இந்தப் பொண்ணு பிளஸ் டூ ரிசல்ட்டு வந்த அன்னிக்கிகூட வெளிய போவாம வீட்லயே இருந்துச்சு" என்றார்.

நான் அழுதேன். "அழாதீங்க, எனக்கு அத பாக்க முடியல" என்று கடுப்பாகச் சொன்னார். என் கடிதத்தை வாங்கிப் படித்தார். பாதியில் பேனாவை எடுத்து ஓர் இடத்தைத் திருத்தினார். "ஹால் டிக்கெட் வந்தது பதினாலாம் தேதி இல்ல, பதிமூணு. தப்பா குடுத்தீங்கன்னா அதுக்கு ஒரு விசாரண வைப்பாங்க." கடைசிவரை படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "மன்னிச்சிட்டேன்னு இப்ப சொல்ல முடியாதும்மா. வரல. தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

குடித்துவிட்டு நேராகத் தாளாளர் வீட்டுக்குப் போய்க் கொடுத்தேன். அவர் பேசியதை எழுத வேண்டாம். எல்லாம் எனக்குத் தகுந்ததுதான். நேற்று விசாரணை நடந்தது. டீச்சரின் மெமோவை ரத்து செய்துவிட்டார்கள். ஜூனிலிருந்து அவர்தான் பிரின்சிபால். என்னை அனுப்பிவிடத்தான் இருந்தார்கள். கமிட்டியில் அவரிடம் கருத்துக் கேட்டிருக்கிறார்கள். "கிளாஸ் நல்லா எடுப்பாங்க. ஆறாவதுக்கு இங்கிலீஷ் டீச்சர் வேணும்" என்று மட்டும் சொன்னாராம். இனி எனக்கு ஒரு பொறுப்பும் கிடையாது, ஆறாம் வகுப்பு மட்டும்.

போனை இன்று எடுத்து சார்ஜில் போட்டேன். ஆனாலும் உனக்குக் கடிதமே எழுதத் தோன்றியது.

அன்புடன்,
அக்கா

*

அண்ணாமலை நகர்,
8.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். உன் கடிதம் வந்த அன்று நூலகத்தில் வேலையே ஓடவில்லை. அம்மாவிடம் சொல்லட்டுமா என்று நீ கேட்கவில்லை. ஆனாலும் சொல்லிவிட்டேன். அம்மா கேட்டுவிட்டு, "அந்த டீச்சருக்கு ஒரு பலாப்பழம் குடுத்தனுப்பலாமா?" என்றது. வேண்டாம் அம்மா, கொஞ்ச நாள் போகட்டும் என்றேன்.

கட்டுரையைக் கொடுத்துவிட்டேன். மீசையை ஒரு பிடி பிடித்திருக்கிறேன், அவனை விடுவதாக இல்லை. தொப்பியைப் பற்றி எழுதியிருந்ததை மட்டும் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினேன். படித்த மாணவன் ஒருவன், "மேடம், வில்லனுக்கு சப்போர்ட் பண்றீங்களா?" என்று கேட்டான். "சப்போர்ட் இல்லப்பா, அவன் செஞ்சது செஞ்சதுதான். எந்த நாள்ல கேட்டிருந்தா கப்பல் தப்பிச்சிருக்கும்னு பாத்தேன்" என்றேன். உன் பெயரும் பள்ளியும் அதில் எங்கும் இல்லை. 'என்னோடு ஒரே நாற்காலியில் உட்கார்ந்து ஆடியவருக்கு' என்று முதல் வரியில் போட்டிருக்கிறேன். அது போதும் இல்லையா?

பள்ளி திறந்திருக்குமே. எப்படி இருக்கிறது?

உன்,
இலக்கியா

*

மஞ்சக்குப்பம்,
22.6.2025

அன்புள்ள இலக்கியாவுக்கு,

இங்கு இருவரும் நலம். உன் கட்டுரையை மாமா சத்தமாக வாசித்தார். முதல் வரியோடு நான் எழுந்து போய்விட்டேன், மீதியைச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன்.

பள்ளி கஷ்டமாக இருக்கிறது. ஸ்டாஃப் ரூமில் எனக்கு ஓரத்து மேஜை. இரண்டு பேர் பேசுகிறார்கள், மற்றவர்கள் இல்லை. தினமும் காலையில் லோகநாயகி டீச்சர் எதிரில் நின்றுதான் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். நிமிர்ந்து பார்க்க மாட்டார். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் மட்டும் ஒன்றும் தெரியாமல் "மிஸ் மிஸ்" என்று மொய்க்கிறார்கள். அவர்களோடு இருக்கும் நேரத்தில்தான் மூச்சு வருகிறது.

வியாழக்கிழமை மதியம் ஆயா வந்து பிரின்சிபால் கூப்பிடுவதாகச் சொன்னார். என்ன தப்பு செய்தேனோ என்று போனேன். மேஜை நிறையப் பெரிய தாள் விரித்து வைத்திருந்தார், பள்ளி முழுவதுக்குமான டைம்டேபிள். இரண்டு பேர் வேலையை விட்டுப் போய்விட்டதால் எல்லாம் கலைந்துவிட்டதாம். என்னைப் பார்க்காமல் பென்சிலை மட்டும் நீட்டினார்.

"எட்டாவது ஏ-வும் ஒன்பதாவது பி-யும் எங்கியோ இடிக்குது. பாருங்க."

பார்த்தேன். கண் கலங்கியதே தவிர ஒன்றும் பிடிபடவில்லை. முன்பென்றால் ஏதாவது ஒரு கட்டத்தைக் காட்டிச் சமாளித்திருப்பேன்.

"எனக்கு இத பாக்கத் தெரியாது டீச்சர். போன வருஷமும் தெரியாது. சொல்லிக் குடுக்கறீங்களா?"

முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தார். பக்கத்து நாற்காலியில் இருந்த பதிவேடுகளை எடுத்துக் கீழே வைத்தார். உட்கார்ந்தேன். முதலில் டீச்சர்கள் பெயரை எழுத வேண்டுமாம், பிறகு பாடம், கடைசியில்தான் வகுப்பு. நான் தலைகீழாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்தார். வேலையைத் தவிர வேறு ஒரு வார்த்தை கிடையாது. நான் தப்பாக எழுதிய இடத்தில் ரப்பரை என் பக்கம் தள்ளினார்.

மணி அடித்தது. எழுந்தேன். தாளை மடிக்காமல் அப்படியே விட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார், "மேல்நிலை வகுப்பு பாக்கி இருக்குது. நாளைக்கு நாலாவது பீரியட் உங்களுக்கு ஃப்ரீதான. வாங்க."

போனேன்.

அன்புடன்,
இசைவாணி